மரத்தூளோடு போகும் இலாபம்

மர வியாபாரத்தில் நட்டம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் எம்மவர்கள் உடனே மூன்று பதில்களைச் சொல்வார்கள். மரத்தின் கொள்விலை கூடிவிட்டது, லொறிக் கூலி கூடிவிட்டது, பேர்மிட் எடுக்க நாட்கணக்கில் அலைய வேண்டியிருக்கிறது. மூன்றும் உண்மைதான். ஆனால் நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதை யாரும் கணக்குப் புத்தகத்தில் எழுதுவதில்லை. மரம் அரியும் இடத்தில் காலடியில் குவிந்து கிடக்கும் தூளில்தான் அது கிடக்கிறது. மழுங்கிய செயினும், பிழையாகத் தீட்டிய செயினும் ஒரு குற்றியில் எத்தனை பலகையைத் தின்றுவிடுகின்றன என்பதை எமது மர வியாபாரிகளில் அதிகமானோர் கணக்குப் பார்த்ததே இல்லை.

கேகாலை மாவட்டத்தில் ஹாட்வெயார் கடை நடத்துபவன் நான். கடைக்குப் பின்புறம் சிறிய அளவில் பலகை, தீராந்தி, சிலாகை போட்டு விற்கிறேன். செயின், அரம், ஒயில் வாங்க வருபவர்களும் என்னிடம்தான் வருகிறார்கள். ஆகவே மரத்தை வாங்குபவரின் புலம்பலும், அதை அரியும் பாஸ்மாரின் புலம்பலும் ஒரே மேசையில் வந்து சேர்கின்றன. அந்த அனுபவத்தில்தான் இதனை எழுதுகிறேன்.

எங்கள் பகுதி மேடு பள்ளமானது. வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் பலாவையோ மஹோகனியையோ வெட்டினால் லொறி கிட்டே போகாது. பெருங்குற்றியை உருட்டிக் கொண்டுவந்து மரக்காலையில் ஏற்றுவதற்கு ஆகும் கூலி சில வேளை மரத்தின் விலையையே எட்டிவிடும். ஆகவே மரம் விழுந்த இடத்திலேயே நூல் அடித்து, செயின் சோவால் பலகையாக்கி, தோளில் சுமந்து வீதிக்குக் கொண்டுவருகிறார்கள். வாப்பா காலத்தில் இதே வேலையைக் குழி வெட்டிச் செய்தார்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர், நடுவே நீண்ட வாள். ஒரு குற்றியை அரிய நாள் முழுக்கப் போகும். இப்போது அரை நாளில் முடிகிறது. ஆனால் அந்தக் குழிவாள்காரர்களிடம் இருந்த ஒரு பழக்கம் இன்றைய பாஸ்மாரில் பலரிடம் இல்லை. அவர்கள் வாளைத் தீட்டாமல் காலைத் தேநீர் குடிக்கமாட்டார்கள். முக்கோண அரமும் கையுமாகத்தான் இருப்பார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். 12 அங்குலக் கனத்துக்குச் சதுரித்த ஒரு குற்றியை ஒரு அங்குலப் பலகையாக அரிகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய செயின் ஒரு தடவை போகும்போது அங்குலத்தில் 3/8 பங்கு மரம் தூளாகிறது. ஒன்பது பலகைக்கு எட்டு வெட்டு. எட்டு வெட்டுக்கும் மூன்று அங்குலம் தூள். ஒன்பதும் மூன்றும் பன்னிரண்டு. சரியாக ஒன்பது பலகை கிடைக்கிறது. இதே குற்றியைப் பேண்ட் சோவில் கொடுத்தால் வெட்டு 1/8 அங்குலம்தான் என்பதால் பத்துப் பலகை எடுக்கலாம். ஒரு பலகை வித்தியாசம். அது லொறிக் கூலியில் சரியாகிவிடும் என்பதால் அதை நான் நட்டம் என்று சொல்லமாட்டேன்.

நட்டம் அடுத்த கட்டத்தில்தான் வருகிறது. செயின் ஒழுங்காகத் தீட்டப்படாவிட்டால் பலகை அலை அலையாக வரும். ஓரிடத்தில் கனம், ஓரிடத்தில் மெலிவு. இதை அறிந்த பாஸ் என்ன செய்கிறார்? சீவி எடுக்கும்போது ஒரு அங்குலம் மிஞ்ச வேண்டுமே என்று ஒன்றேகால் அங்குலத்துக்கு நூல் அடிக்கிறார். இப்போது கணக்கைப் போடுங்கள். ஒன்றேகால் அங்குலப் பலகையும் 3/8 வெட்டும் சேர்ந்தால் ஒன்றுக்கு ஒன்றரை அங்குலத்துக்கும் மேல் போகிறது. பன்னிரண்டு அங்குலத்தில் ஏழு பலகைக்கு மேல் வராது. ஒன்பது வரவேண்டிய இடத்தில் ஏழு. மீதி 5/8 அங்குலத் துண்டு விறகுக்கு. இரண்டு பலகையைத் தின்றது மரமும் அல்ல, லொறியும் அல்ல. தீட்டாத செயின்.

அது வியாபாரியின் மரமாக இருந்தால் நட்டத்தோடு முடிந்துவிடும். சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊரில் ஒரு நானா, தன் உம்மா நட்ட பலா மரத்தை மகளின் வீட்டுக்கென்று வெட்டினார். பலாவை நினைத்தபடி வெட்ட முடியாது. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பலாவுக்கும் ஈரப்பலாவுக்கும் அனுமதி எடுக்க வேண்டும். அந்த மனிதர் பிரதேச செயலகத்துக்கு அலைந்து முறையாக அனுமதி எடுத்தார். கதவு, யன்னல், ஒரு அலுமாரி, இரண்டு கட்டில். இவ்வளவுக்கும் மரம் போதும் என்று தச்சு பாஸ் அளந்து சொல்லியிருந்தார். அரிய வந்தவரின் செயின் இடப்பக்கம் ஒரு நீளம், வலப்பக்கம் ஒரு நீளம். நூல் நேராக ஓடியது, வாள் வளைந்து ஓடியது. பலகைகளைச் சீவி முடித்தபோது கதவு, யன்னலோடு மரம் தீர்ந்துவிட்டது. அலுமாரியை மொறட்டுவையிலிருந்து காசு கொடுத்து எடுப்பித்தார்கள். நானா கடைக்கு வந்து, "ஹாஜியார், காசு போனது பெரிசில்ல, அந்த மரத்த திரும்ப நட ஏலுமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

அரிந்தவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். மரம் விழுத்துவதில் அவர் கெட்டிக்காரர். மின்கம்பிக்கும் கூரைக்கும் நடுவே ஒரு தென்னையைப் பழுதில்லாமல் இறக்கிவிடுவார். விழுத்துகிற செயினும் அரிகிற செயினும் ஒன்றல்ல என்பதுதான் அவருக்குத் தெரியாமல் இருந்தது. இது அவர் ஒருவரின் குறையல்ல. செயினை விற்கும் நாமும் அதைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

இன்று உலகம் முழுவதும் பாவிக்கப்படும் செயின் பல்லின் வடிவம் ஒரு புழுவிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜோசப் பஃபோர்ட் கொக்ஸ் என்ற மரம்வெட்டி 1946 இல் ஒரு மரக்கட்டையில் வண்டின் புழு மரத்தைக் குடைந்து செல்வதைக் கவனித்தார். அதன் இரு தாடைகளும் இடமும் வலமுமாக மாறி மாறி மரத்தைக் கடித்தன. அதே மாதிரியில், இடப்பல்லும் வலப்பல்லும் மாறி மாறி வரும் செயினைச் செய்து, 1947 இல் தொழிலை ஆரம்பித்தார். ஒரிகன் என்ற பெயரில் நமது கடைகளில் தொங்கும் செயின் அந்த வழியில் வந்ததுதான்.

அந்தப் பல்லுக்கு இரண்டு வேலை. குறுக்கே அறுக்கும்போது அதன் வெளிமூலை முதலில் நாரைத் துண்டிக்க வேண்டும், பிறகு மேல்விளிம்பு அதைக் கிளப்பி எறிய வேண்டும். மூலை முந்திக்கொள்வதற்காகத்தான் கடையில் வாங்கும் சாதாரண செயினின் மேல்விளிம்பு ஏறத்தாழ 30 பாகை சாய்வாக வருகிறது. நெடுக்கே பலகையாக அரியும்போது நிலைமை வேறு. வாள் மரத்தின் நீளத்துக்கு நகர்கிறது, ஆகவே பல் ஒவ்வொன்றும் சந்திப்பது நாரின் முனையை. ஒரு கட்டு ஈர்க்கிலை நிமிர்த்திப் பிடித்து அதன் நுனிகளைச் சீவுவது போன்றது. இங்கே மூலைக்குப் பெரிய வேலை இல்லை. மேல்விளிம்பு முழுவதும் உளியைப் போல நேராக இறங்க வேண்டும். 30 பாகைப் பல்லைக் கொடுத்தால் ஒன்று இடப்பக்கம் இழுக்கும், அடுத்தது வலப்பக்கம் இழுக்கும். வாள் நடுங்கும். பலகையின் முகம் சலவைக் கல் போலச் சொரசொரப்பாக வரும். ஆகவே நெடுக்கே அரியும் செயினுக்கு 10 பாகை என்று கம்பனிகளே வைத்திருக்கின்றன. 5 முதல் 15 பாகைக்குள் வைத்துக்கொண்டால் போதுமானது. வேகம் சற்றுக் குறைகிறது என்று சில பாஸ்மார் சொல்வதுண்டு. இருக்கலாம். சீவும் வேலை பாதியாகக் குறைகிறதே, அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நெடுக்கே அரிவதற்கென்றே செய்யப்பட்ட செயின் நமது நாட்டுக் கடைகளில் எப்போதும் கிடைப்பதில்லை. அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. சாதாரண செயினையே ஒவ்வொரு தடவை தீட்டும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தி 30 பாகையிலிருந்து 10 பாகைக்குக் கொண்டுவரலாம். ஒரே நாளில் கொண்டுவரப் போனால் பல்லின் பாதி அரத்தோடு போய்விடும். மூன்று நான்கு தடவையில் கொண்டுவருவதுதான் சிக்கனம். அதன்பிறகு அந்தச் செயினை அரிவதற்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். விழுத்துவதற்கு வேறொன்று. இரண்டு செயின் வாங்கினால் செலவு இரண்டு மடங்கு என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல, இரண்டும் சேர்ந்து இரண்டு மடங்கு காலம் உழைக்கும்.

அரத்தைத் தெரிவுசெய்வதில்தான் எனது கடையில் அதிகம் தர்க்கம் நடக்கிறது. "முதலாளி, ஒரு அரம் தாங்க" என்று கேட்பார்கள். எந்தச் செயினுக்கு என்று திருப்பிக் கேட்டால் கோபம் வரும். செயினின் அளவு .325 என்றால் 3/16 அங்குல உருண்டை அரம், அதாவது 4.8 மில்லிமீற்றர். 3/8 என்றால் 13/64 அங்குலம், 5.2 மில்லிமீற்றர். ஸ்டீல் 070 போன்ற நூறு சிசிக்கு மேற்பட்ட பழைய பெரிய இயந்திரங்களில் ஓடும் .404 செயினுக்கு 7/32 அங்குலம், 5.5 மில்லிமீற்றர். சிறிய இயந்திரங்களில் வரும் தாழ்வான 3/8 செயினுக்கு 5/32 அங்குலம், 4 மில்லிமீற்றர். செயினின் அளவு தெரியாவிட்டால் அடுத்தடுத்து வரும் மூன்று ஆணிகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து இரண்டால் பிரிக்கவும். சிறிய அரத்தைப் போட்டால் பல்லின் அடியில் குழி விழுந்து விளிம்பு கொக்கி போலாகும், மரத்தைக் கவ்விக் கவ்வி இழுக்கும், சீக்கிரம் மழுங்கும். பெரிய அரத்தைப் போட்டால் விளிம்பு மொட்டையாக நிற்கும், எவ்வளவு அமத்தினாலும் மரத்தில் இறங்காது.

தீட்டும் முறை கடினமானதல்ல. என்ஜினை நிறுத்தி, பாரை ஒரு கட்டையில் இறுக்கி, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அரத்தின் பருமனில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். பல்லின் உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும். இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும், தேய்த்துக்கொண்டே திரும்பக் கொண்டுவந்தால் அரம்தான் சாகும். ஒரு பக்கத்துப் பற்களை எல்லாம் முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்கு மாறுங்கள். 36 அங்குல பாரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பற்கள் இருக்கும். ஒன்றுக்கு மூன்று தள்ளு என்றாலும் பழகிய கைக்குக் கால் மணித்தியாலத்து வேலை.

ஆனால் முக்கியமான விடயம் ஒன்று. எல்லாப் பல்லும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். முதலில் ஆகக் கட்டையான பல்லைத் தேடிப் பிடித்து, மற்ற எல்லாவற்றையும் அதன் நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். வலக்கைக்காரர் ஒருவர் தீட்டும்போது ஒரு பக்கத்துக்குப் பலம் கூடிப்போவது இயல்பு. தெரியாமலே அந்தப் பக்கத்துப் பற்கள் கட்டையாகிவிடும். வாள் மற்றப் பக்கம் வளைய ஆரம்பிக்கும். நூலுக்கு நேராகப் போகவில்லை என்று பாரை மாற்றியவர்களையும், இயந்திரத்தையே விற்றவரையும் நான் கண்டிருக்கிறேன். பத்து ரூபாக் கூடச் செலவில்லாமல் ஒரு அளவுகோலைப் பல்லில் வைத்துப் பார்த்திருந்தால் விடயம் தெரிந்திருக்கும்.

இரண்டாவது, பல்லுக்கு முன்னால் ஒரு சிறிய திமில் நிற்கும். ரேக்கர் என்பார்கள். பல் எவ்வளவு ஆழத்துக்கு மரத்தைக் கடிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். பல்லைத் தீட்டத் தீட்ட அதன் உயரம் குறையும், ரேக்கர் அப்படியே நிற்கும். கொஞ்ச நாளில் பல் மரத்தைத் தொடாது. பாஸ் தன் முழுப் பலத்தோடு அமத்துவார், பார் சூடேறும், பெற்றோல் போகும், பலகை வராது. 3/8 செயினில் ரேக்கர் பல்லின் விளிம்பைவிட 0.65 மில்லிமீற்றர் கீழே இருக்க வேண்டும். .404 செயினில் 0.8 மில்லிமீற்றர். இதற்கென்று ஒரு சிறிய தகட்டு அளவி விற்கிறது. அதை வைத்துத் தட்டை அரத்தால் அராவி, முன்பக்க மூலையை உருட்டிவிட்டால் சரி. கண் மதிப்பில் அதிகமாக அராவிவிட்டால் பல் பெருங்கடி கடிக்கும், இயந்திரம் உதறும், ஆபத்தும் கூட. முதிரை, பாலை போன்ற வைரமான மரத்தில் இந்த உதறல் கையை முறித்துவிடும்.

சிலர் இந்தச் சிரமமெல்லாம் எதற்கு என்று செயினை கிரைண்டரில் கொடுக்கிறார்கள். நல்ல கிரைண்டரும் பொறுமையான கையும் இருந்தால் பிழையில்லை. கல்லில் பட்டு உடைந்த பற்களைச் சமப்படுத்த அது தேவையும்கூட. ஆனால் அவசரத்தில் அமத்திப் பிடித்தால் பல்லின் நுனி நீலநிறமாகும். நீலம் ஏறிவிட்டால் உருக்கின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு அரமும் அதில் ஒழுங்காகப் பிடிக்காது. ஒரே தடவையில் மூன்று தடவைக்கான பல்லைத் தேய்த்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் யாருடைய வியாபாரத்தை வளர்க்கிறார்கள் என்பது செயின் விற்கும் எனக்குத் தெரியும்.

எப்போது தீட்டுவது? பெற்றோல் தாங்கி ஒரு தடவை முடியும்போது செயினையும் தொட்டுவிடுவது நல்ல வழக்கம். நீண்ட குற்றி என்றால் ஒரு வெட்டுக்கு ஒரு தடவை. தூளைப் பார்த்தும் அறியலாம். நெடுக்கே அரியும்போது கூரான செயினிலும் தூள் சிறிதாகத்தான் வரும், விழுத்தும்போது வரும் சீவல் வராது. ஆனால் கையில் எடுத்தால் ரவை போல மணி மணியாக இருக்க வேண்டும். மா போல வந்தால் செயின் மழுங்கிவிட்டது. ஒயில் இருந்தும் புகை வந்தால் தாமதமாகிவிட்டது.

மரத்துக்கு மரம் வித்தியாசமும் உண்டு. தேக்கில் சிலிக்கா இருப்பதால் விளிம்பைத் தின்னும். தென்னையின் வெளிப்பகுதி, வயதான மரமென்றால், பாஸ்மாரைக் கண்ணீர் விட வைக்கும். மண்ணில் இழுத்துவந்த குற்றியின் பட்டையில் மணல் ஒட்டியிருக்கும். ஒரு வாளித் தண்ணீரால் கழுவி, அல்லது வெட்டு ஓடும் வரியில் மட்டும் பட்டையை உரித்துவிட்டால் ஒரு தடவை தீட்டும் வேலை மிச்சம். வீட்டுத் தோட்டத்து மரங்களில் ஆணியும் முள்ளுக்கம்பியும் உள்ளே வளர்ந்திருக்கும். யுத்தம் நடந்த பிரதேசங்களிலிருந்து வரும் மரமென்றால் உள்ளே சன்னம் இருக்குமோ என்று மர ஆலைக்காரர் அஞ்சுவதும் காரணமில்லாமல் அல்ல.

2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியபோது செயினும் பாரும் கைக்கெட்டாத விலைக்குப் போயின. பெற்றோலுக்கு வரிசையில் நின்றோம். அந்த நாட்களில்தான் எனது வாடிக்கையாளர் சிலர் முதன்முதலாக அரத்தைக் கேட்டு வாங்கினார்கள். அவர்களில் ஒருவர் இன்று வீட்டு விறாந்தையில் ஒரு வைஸ், நான்கு அரம், ஒரு அளவி வைத்துக்கொண்டு மற்றவர்களின் செயினைக் கூலிக்குத் தீட்டிக் கொடுக்கிறார். முன்பு சுற்றுவட்டத்தில் எவரும் செய்யாத தொழில். மரக்காலை வைத்திருப்போர், தோட்டக் கம்பனிகளின் இறப்பர் மரங்களை ஒப்பந்தத்துக்கு எடுப்போர் எல்லோருக்கும் இப்படி ஒருவர் தேவை. எமது இளைஞர்கள் வெளிநாடு போகக் காசு தேடும் நேரத்தில் இதையும் ஒரு தடவை யோசிக்கலாம். இயந்திரம் சொந்தமாக வாங்குபவர்கள் ஒன்றைக் கவனத்திற்கொள்ள வேண்டும். செயின் சோக்களைப் பொலிஸில் பதிவு செய்ய வேண்டுமென 2019 இல் அறிவிக்கப்பட்டது. பழைய இயந்திரத்தை வாங்கும்போது பதிவுப் பத்திரம் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

மரத்தை அரியக் கொடுக்கும் வியாபாரிகள், கூலியை அடிக் கணக்கில் பேசும்போது பலகையின் கனத்தையும் பேசிக்கொள்ளுங்கள். இரு முனையிலும் நடுவிலும் அளந்து, இவ்வளவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கூலி இவ்வளவு குறையும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், பாஸ் தானாகவே அரத்தைத் தேடுவார். நான் மூன்று வருடமாக இப்படித்தான் பேசுகிறேன். முதலில் முகம் சுளித்தவர்கள்தான் இப்போது முதல் வெட்டு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுப் பலகையை அளந்து பார்க்கச் சொல்கிறார்கள்.

கடைசியாக அரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதை ஒயில் துணியில் சுற்றி வைக்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது. எண்ணெய் பட்ட அரம் வழுக்கும், உருக்குத் தூள் அதன் பல்லில் அடைத்துக்கொள்ளும். காய்ந்த துணியில் தனியாகச் சுற்றி, மற்ற ஆயுதங்களோடு உரசாமல் வையுங்கள். பாவித்த பின் கம்பித் தூரிகையால் தட்டிவிட்டால் போதும். தேய்ந்த அரத்தால் நூறு தடவை தள்ளுவதைவிடப் புதிய அரம் ஒன்று மலிவு. அரம் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க, பல்லில் வைத்துத் தள்ளும்போது வரும் சத்தத்தைக் கேளுங்கள். கரகரவென்று கேட்டால் வெட்டுகிறது, கீச்சிட்டு வழுக்கினால் தூக்கி எறியுங்கள்.